கடல் லீவு எடுத்த திங்கட்கிழமை

தூத்துக்குடிக் கடல் வெளியூர் போயிருக்கிறது என்று சொன்னால் இன்றைக்கு அந்த ஊரில் யாரும் தலை தூக்கிப் பார்க்கமாட்டார்கள், எப்போது வருமாம் என்று மட்டும் கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் அது முதன்முதலாகக் கிளம்பிப் போன திங்கட்கிழமையைப் பற்றிப் பேச்சு வந்தால், டீக்கடையில் நிற்பவர்கள்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அதற்கெல்லாம் ஜெனோவாதான் காரணம் என்று ஆரம்பிப்பார்கள்.

ஜெனோவா திரேஸ்புரத்துக்காரி. புருஷன் கஸ்பார் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனான், அவள் கடலை ஒட்டியிருந்த இறால் கம்பெனியில் இறால் உரிக்கப் போனாள். கம்பெனியில் நீளமான தகர மேசைகள் இருந்தன, மேசைக்கு இரண்டு பக்கமும் பெண்கள் நின்றார்கள், ஐஸும் இறாலும் குவியலாக வந்து நடுவில் விழுந்தன, தலையைக் கிள்ளி ஓட்டை உரித்து முதுகு நரம்பை எடுத்துப் போட்டால் அடுத்த குவியல் வந்து விழுந்தது. ஜெனோவா தன் மேசையில் வயதில் மூத்தவள் இல்லை, ஆனால் கல்யாணத்துக்கு வேன் பிடிப்பதானாலும் ஆஸ்பத்திரியில் கட்டில் வாங்குவதானாலும் எல்லோரும் அவளிடம்தான் வந்தார்கள், அவள் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அது நடக்கும் என்று அவளுக்கே சந்தேகம் இருந்ததில்லை.

பீச் கிளப் யோசனையை முதலில் கொண்டுவந்தவள் இசக்கியம்மாள். அவள் ஜெனோவாவுக்கு எதிரே நின்று உரிக்கிறவள், வாய் நீளம், மனசு அதைவிட நீளம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். மணப்பாட்டுக்கு அங்கிட்டு நீலக்குடை பீச் கிளப் என்று புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள், அதில் பெரிய பெரிய குடைகளுக்குக் கீழே சாய்வுக் கட்டில்களில் ஆணும் பெண்ணும் கிடக்கிறார்கள், பக்கத்தில் இளநீர், எதிரே கடல், யாரும் எதுவும் செய்யவில்லை. வீடியோ முடியும்வரை பார்த்தும் யாரும் எதுவும் செய்யவில்லை. மேசையே கூடிநின்று அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. கடல் என்றால் அவர்களுக்குக் கூடை, ஐஸ், வலை, ஏலம், போனவன் திரும்பி வரவேண்டுமே என்கிற நினைப்பு. அதன் முன்னால் ஒருத்தி சும்மா கிடக்கலாம் என்பது அவர்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

ஜெனோவா அன்று சாயங்காலமே கிளப்புக்குப் போன் போட்டாள். எடுத்தவள் அங்கே மேனேஜராக இருந்த நிவேதா, கோயமுத்தூர்ப் பெண். காலையில் வந்தால் பொழுது சாயும்வரை இருக்கலாம், சாப்பாடு கிளப்பிலேயே, வெளிச்சாப்பாடு கூடாது, நீச்சல் குளத்தில் சேலையோடு இறங்கக்கூடாது என்று அவள் வரிசையாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் சரி சொன்ன ஜெனோவா, வந்து இறங்கியதும் நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் செய்யவேண்டாங்க என்றாள் நிவேதா. அதற்கப்புறம் என்றாள் ஜெனோவா. அதற்கப்புறமும் ஒன்றும் வேண்டாங்க என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. போனை வைத்துவிட்டு ஜெனோவா வெகுநேரம் யோசித்தாள்; அவள் வாழ்க்கையில் ஏற்பாடு செய்ய வழி தெரியாத முதல் காரியம் அது. ஆனாலும் விடவில்லை. வந்ததும் இளநீர், பிறகு படுக்கிறது, பிறகு சாப்பாடு, மறுபடி படுக்கிறது, பிறகு காலை நனைக்கிறது என்று மனசுக்குள் ஒரு திட்டம் போட்டு மேசைக்குச் சொன்னாள், மேசை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. காசு எப்படிச் சேர்ந்தது என்பது வேறு கதை, அதில் மாயம் எதுவும் இல்லை.

மாயம் தொடங்கிய இடம் கம்பெனி மேனேஜர் சந்திரபோஸின் அறை. ஒருத்தி இரண்டுபேர் லீவு கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்துவிடுகிற மனிதர்தான் அவர், ஆனால் ஒரு மேசை முழுக்க ஒரே நாளில் போவது என்பது அந்தக் கம்பெனி கேட்டிராத ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகூடப் பூசை முடிந்ததும் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிற இடம் அது. ஜெனோவா உள்ளே போய், வருகிற திங்கட்கிழமை எங்கள் மேசை வராது என்று சொன்னபோது, சந்திரபோஸ் நாற்காலியைத் திருப்பி, பின்னால் திறந்திருந்த ஜன்னலைக் கைகாட்டினார். ஜன்னலுக்கு வெளியே சுவரைத் தொட்டபடி கடல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, அதுக்கு லீவு உண்டா? ராத்திரி பகல்னு ஓயாம வேலை பாக்கு. அது என்னைக்கு லீவு எடுக்குதோ அன்னைக்கு நீங்களும் எடுங்க. நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

ஒருத்தி எச்சில் விழுங்குகிற நேரம் அலைச்சத்தம் நின்றிருந்தது என்று ஜெனோவா பிற்பாடு சொன்னாள். அப்போது அவள் அதைக் கவனிக்கவில்லை. நாங்கள் திங்கட்கிழமை போகிறோம் சார் என்று மட்டும் சொன்னாள். போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை வரவேண்டாம் என்று அவர் சொன்னார். அவள் அந்த வார்த்தையை ஒளிக்காமல் மேசையில் வந்து சொன்னாள், வேலை போனாலும் போகும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள்.  பிறகு இசக்கியம்மாள், தான் ஏற்கெனவே நீச்சல் குளத்தில் இறங்குவதற்கு மருமகளிடம் நைட்டி கடன் வாங்கிவிட்டதாகவும் இனிமேல் அதைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்றும் சொன்னாள், அத்தோடு முடிவாகிவிட்டது.

வீட்டில் கஸ்பார் சிரித்தான். கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு கடலைப் பார்க்க வேன் பிடிக்கிறாயா என்று கேட்டான்.

"நான் கடலைப் பாக்கப் போகல. சும்மா இருக்கப் போறேன்" என்றாள் ஜெனோவா.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏதோ கேள்விப்படாத ஊரின் பெயரைக் கேட்டவன்போல அவளைப் பார்த்தான்.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் பனிமய மாதா கோயில் முன்னாலிருந்து வேன் கிளம்பியது. டிரைவர் மூக்காண்டி. துறைமுகத்துப் பக்கத்து ரவுண்டானாவைத் தாண்டித் திருச்செந்தூர் ரோட்டில் ஏறி, முள்ளக்காட்டு உப்பளங்கள் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தபோது, அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, எக்கா, பின்னால கடல் வருது என்றான்.

எவ்வளவு தூரத்தில் என்று ஜெனோவா கேட்டாள். ஒரு லாரி இடைவெளி என்றான். முந்தப் பார்க்கிறதா என்று கேட்டாள். இல்லை, பின்னாலேயே வருகிறது என்றான்.

"அப்பம் நீ ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றாள்.

எல்லோரும் ஜன்னல்வழியே தலையை நீட்டிப் பார்த்தார்கள். இரண்டு முனையிலும் பாயைச் சுருட்டுவதுபோலத் தன்னைச் சுருட்டிக்கொண்டு, ரோட்டு அகலத்துக்கு ஒடுங்கி, பனைமர உயரத்துக்கு எழும்பி, இடதுபக்கமாகவே வந்துகொண்டிருந்தது கடல். எதிரே பஸ் வந்தால் கொஞ்சம் ஒதுங்கியது, வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கியது, ரோட்டோரத்தில் சைக்கிள் மிதித்துப் போனவர்மேல் ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை, வளைவு வந்தபோது அதற்குள்ளிருந்த சாளைமீன் கூட்டமெல்லாம் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பியது. உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வாருகோலை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். ஓர் அளத்துக்காரர் ஓடிவந்து, இத்தனை நாள் மோட்டார் போட்டு உன்னை இறைத்தேனே, வந்ததுதான் வந்தாய், ஒரு நிமிஷம் என் பாத்திக்குள் இறங்கிவிட்டுப் போயேன் என்று கும்பிட்டார். கடல் கேட்காததுபோலப் போயிற்று.

முக்காணிப் பாலத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. பாலத்துக்குக் கீழே தாமிரபரணி கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது, பாலத்துக்கு மேலே கடல் தெற்கே போய்க்கொண்டிருந்தது, ஆறு நின்றுவிட்டது. ஒருவர் வீட்டைத் தேடி வெகுதூரத்திலிருந்து வந்து, வாசலில் பூட்டைப் பார்த்தவர் நிற்பதுபோல நின்றது. கடல் பாலத்தின் நடுவில் சற்றே குனிந்து என்ன சொல்லிற்றோ, ஆறு மறுபடி நிதானமாக நகர்ந்து, போகிற வழியில் வாழைத்தோட்டங்களில் புகுந்து பொழுதைக் கழிக்க ஆரம்பித்தது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் உப்புத்தண்ணீருக்குப் பயந்து ரோட்டோரம் கைகோத்து நின்றார்கள். ஒடுக்கமான சந்தில் போகிற பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொள்வதுபோலக் கடல் தன் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர்களைக் கடந்தது.

ஆறுமுகநேரியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. வேன் நின்றது, அதன்பின் கடல் நின்றது, அதன்பின் ஒரு வைக்கோல் லாரியும் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் நின்றன. ரயிலில் போனவர்கள் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து கடலை அருகில் பார்த்துவிட்டு, இட்லிப் பொட்டலத்தைத் தொடர்ந்து தின்றார்கள். கேட்கீப்பர் வேனுக்குப் பக்கத்தில் வந்து, இதை எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று சொந்தக்காரரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். நாங்கள் கூட்டிப் போகவில்லை, அதுவாக வருகிறது என்றாள் இசக்கியம்மாள். மணப்பாட்டுப் பக்கம் போவதென்றால் இது கடல்வழியாகவே போயிருக்கலாமே, எதற்காக ரோட்டில் கிடந்து கஷ்டப்படவேண்டும் என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார்.

"அது வேலைக்குப் போற வழில்லா" என்றாள் ஜெனோவா.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. சொன்ன பிறகுதான், கடல் ஏன் வருகிறது என்பது அவளுக்கே விளங்கியது. திரும்பிப் பின்கண்ணாடி வழியாக அதைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த கடல்தான், ஆனால் தூசி படிந்து, வெயிலில் கண் கூசி, கேட் திறப்பதற்காகக் காத்து நிற்கிற அதன் முகத்தை, ஷிப்டு முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெண்களின் முகத்தோடு சேர்த்து இதற்குமுன் அவள் பார்த்ததில்லை.

கிளப் வாசலில் நிவேதா சந்தன நிறச் சேலையில் நின்றிருந்தாள். வேனிலிருந்து இறங்கியவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பின்னால் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, அவங்களும் உங்ககூட வந்தவங்களா?"

"ஆமா."

"எங்களுக்கு ஏற்கெனவே ஒரு கடல் இருக்குதுங்களே."

ஜெனோவா, அது வேலை செய்கிற கடல், இது லீவில் வந்திருக்கிற கடல், இதனால் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் வராது, நிழலாக ஓர் இடம் கொடுத்தால் போதும் என்று, கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் கேட்கிற உறுதியோடு சொன்னாள். நிவேதா உள்ளே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தாள். குளத்துப் பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். குடைகளுக்கும் தென்னைமரங்களுக்கும் நடுவில் இருந்த புல்வெளியைக் காட்டினாள், தூத்துக்குடிக் கடல் தயங்கித் தயங்கி அங்கே போய்ச் சுருளை அவிழ்த்து, மடிப்பு மடிப்பாகத் தன்னை விரித்து, இடம் போதாமல் கரையோரத்துக்கும் கொஞ்சம் நீண்டது. மணப்பாட்டுக் கடல், பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவதுபோல நகர்ந்துகொண்டு, சத்தம் காட்டாமல் தன் வேலையைப் பார்த்தது.

சும்மா இருப்பது அவ்வளவு சுலபமாக வரவில்லை. இளநீர் குடித்தார்கள், படுத்தார்கள். படுத்த கொஞ்ச நேரத்தில் பொன்கனி என்கிறவள் எழுந்து பக்கத்துக் கட்டிலில் இருந்த துண்டுகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள், கிளப் ஆள் வந்து கெஞ்சிக் கேட்டுத்தான் அவளைப் படுக்கவைத்தான். கண்ணை மூடிக் கிடந்தவர்களின் விரல்கள் காற்றில் இறால் உரித்தன, தலையைக் கிள்ளின, நரம்பை இழுத்துப் போட்டன. கடலும் அப்படித்தான் இருந்தது. யாரும் கேட்காமலே அதன் ஓரம் எழும்பி மடிந்து விழுந்தது, மறுபடி எழும்பி மடிந்தது. ஜெனோவா ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கைகளைப் பிடித்து அமர்த்தினாள், கடைசியில் கடலிடமும் போனாள், எழும்புகிற ஓரத்தில் உள்ளங்கையை வைத்து, விடு, இன்னைக்கு வேண்டாம் என்றாள். அது இன்னும் இரண்டு தடவை மெலிதாக எழும்பியது. பிறகு நின்றது. உலகம் உண்டான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு சத்தம் அவள் காதில் நின்றுபோயிற்று, அந்த இடத்தில் இசக்கியம்மாளின் குறட்டை கேட்டது.

ஊரில் இதற்குள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. படகுகளெல்லாம் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. ஆண்கள் கரையில் நின்று கொஞ்ச நேரம் ஏசினார்கள், ஏசுவதற்கு எதிரே யாரும் இல்லாததால் அது சீக்கிரம் அலுத்துப்போயிற்று. பிறகு ஒவ்வொருவராக இறங்கி நடந்தார்கள். அப்பன் காலத்து நங்கூரங்களும், யாரோ கோபத்தில் கழற்றி வீசிய ஒரு கல்யாண மோதிரமும், கண்ணாடி உடையாத ஓர் அலமாரியும் அகப்பட்டன. இறுகிய மணலாகப் பார்த்து யாரோ ஸ்டம்பு ஊன்றினார்கள். உச்சிவேளைக்குள் சாய்ந்த படகுகளின் நிழலில் பாய் விரித்துப் பாதி ஊர் தூங்கிவிட்டது. இதையெல்லாம் கஸ்பார் போனில் சொன்னான். அவன் குரலில் கோபம் பாதியும் ஆச்சரியம் பாதியுமாக இருந்தது, எப்போது கூட்டிவருவாய் என்று கேட்டு முடித்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு சந்திரபோஸ் கூப்பிட்டார். வாசலில் இறால் வண்டி ஒன்றுகூட வரவில்லை என்றும் எந்த மேசையிலும் வேலை நடக்கவில்லை என்றும் சொன்னார். கடலை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"நாங்க கொண்டுவரல சார். அது லீவு எடுத்திருக்கு" என்றாள் ஜெனோவா.

 தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். நாளைக்காவது வருவீர்களா என்று கேட்டபோது குரல் இறங்கியிருந்தது. நாளைக்கு வரவேண்டாம் என்று நீங்கள்தானே சார் சொன்னீர்கள் என்றாள் அவள். கோபத்தில் சொன்னது அது என்றார். அவள் போனை வைத்தாள், வைத்த கையோடு தன் கட்டிலில் சாய்ந்தாள், மேலே நீலக்குடை காற்றில் மெல்ல உப்பித் தாழ்ந்ததைப் பார்த்துக் கிடந்தாள். அன்று அவள் திட்டத்தில் இருந்த காலை நனைக்கிற வேலை அப்படியே விட்டுப்போயிற்று.

பொழுது சாய்ந்ததும் மூக்காண்டி ஹாரன் அடித்தான். பெண்கள் எழுந்து தலையை முடிந்துகொண்டார்கள். கடல் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தான். கடல் அசையவில்லை. ஊரிலிருந்து போன்மேல் போன் வந்தது, துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பேசினார், வெளியே ஆழத்தில் ஒரு கப்பல் உள்ளே வரமுடியாமல் நிற்கிறதாம், உடனே எழுப்பிக் கூட்டிவரவேண்டும் என்றார். பெண்களுக்குள்ளும் இரண்டு பேச்சு வந்தது. வீட்டில் பிள்ளைகள் காத்திருக்குமே, எழுப்பிவிடலாம் என்றார்கள் சிலர். தூங்கட்டும், இத்தனை நாள் அது நம்மை எழுப்பியிருக்கிறது, நாம் அதை எழுப்பியதில்லை என்றாள் இசக்கியம்மாள். எல்லோரும் ஜெனோவாவைப் பார்த்தார்கள். அவள் கடலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. உள்ளே மீன்கள் அந்தரத்தில் நின்றபடி தூங்கின. தொடுவதற்காக நீட்டிய கையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். அதிகாரிக்குப் போன் போட்டு, அது தூங்குகிறது, எழுப்பத்தான் வேண்டுமென்றால் எழுப்புகிறவரை அனுப்புங்கள் என்று சொன்னாள்.

ஊர் யோசித்து, கடைசியில் கஸ்பாரைத்தான் அனுப்பியது. முழங்கால்வரை காய்ந்த சேற்றோடு அவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"எழுப்பு, ஜெனோவா. ஊரே காத்துக் கெடக்கு" என்றான்.

"நீங்க எழுப்புங்க."

அவன் முன்னால் போனான். மீசை முளைக்கும் முன்பிருந்து அந்தத் தண்ணீரின்மேல் போய்வந்தவன், அதைக் கும்பிட்டிருக்கிறான், ஏசியிருக்கிறான், அதன் கையில் அண்ணனைக் கொடுத்திருக்கிறான், அது கண் மூடிக் கிடந்து பார்த்ததில்லை. குனிந்தான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கொஞ்சநேரம் கழித்துச் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இதுக்கு மூச்சு இவ்வளவு சின்னதா வரும்னு எனக்குத் தெரியாது" என்றான்.

நீங்கள் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கி எவ்வளவு நாளாயிற்று என்று அவள் கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்தான், ஞாபகம் வரவில்லை. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் காது கொடுத்துக்கொண்டே படுப்பவன். இப்போது காது கொடுக்க எதுவும் இல்லை. அவன் ஊருக்குப் போன் போட்டு, முழிக்கல, தூங்கட்டும் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அவளுடைய கட்டிலிலேயே சாய்ந்தான், சாய்ந்ததுதான் தெரியும், தூங்கிவிட்டான். ஜெனோவா அவன் காலில் இருந்த சேற்றை விரலால் உதிர்த்துக்கொண்டே இருந்தாள். நிவேதா போர்வைகளைக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள், பொழுது சாய்ந்தால் கேட்டை அடைத்துவிடுவோம் என்றுதான் விதி, உள்ளே இருப்பவர்கள் போகவேண்டும் என்று அதில் எங்கும் இல்லைங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விடிந்து வெகுநேரம் கழித்துக் கடல் தானாக விழித்தது. கொட்டாவி விடுவதுபோல ஒரு நீண்ட அலை எழுந்து, கட்டில்களின் காலை நனைத்துவிட்டுத் திரும்பியது. அது தன்னைச் சுருட்டிக்கொண்டு வேனுக்குப் பின்னால் நின்றபோது, வந்ததைவிட ஒரு கை உயரம் கூடியிருந்ததாக மூக்காண்டி சொன்னான். ஊர் எல்லையில் ஜனம் கூடிநின்று வழிவிட்டது. கடல் தன் இடத்தில் இறங்கி, படகுகளை ஒவ்வொன்றாக, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி நிறுத்தியது.

அன்று கம்பெனி வாசலில் சந்திரபோஸ் நின்றிருந்தார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, ஜெனோவாவும் எதிர்பார்க்கவில்லை. கடல் அடுத்து எப்போது லீவு எடுக்கும் என்று கம்பெனி முதலாளி கேட்கச் சொன்னதாகவும், தெரிந்தால் முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார். ஜெனோவாவிடம் கடல் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் அதை நினைத்துப் பார்த்ததுகூட இல்லை.

"மாசத்துல முதல் திங்கக்கிழமை சார். அன்னைக்கு நாங்களும் வரமாட்டோம். எங்க மேசை மட்டுமில்ல, எல்லா மேசையும்."

அவள் சொன்ன தோரணையில் சந்திரபோஸ் சரி என்று தலையாட்டினார். சொன்னது கடலுக்கும் கேட்டிருக்கும்போல. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை விடிந்தபோது அது கிளம்பியிருந்தது.

அதன்பின் எல்லாம் வழக்கமாயிற்று. கப்பல்காரர்கள் அந்த நாளை ஒதுக்கிவிட்டுக் கப்பல் வருகிற நாட்களைக் குறித்துக்கொண்டார்கள், பங்குச் சாமியார் ஞாயிறு பூசை அறிவிப்பில் நாளை கடல் இல்லை என்று சேர்த்துக்கொண்டார், பந்தல்காரர்கள் கடல் தரையில் கல்யாணத்துக்குப் பந்தல் போடப் பழகினார்கள், சந்திரபோஸ் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு ஐஸ் உடைக்கிற ஆட்களோடு கிரிக்கெட் ஆடினார், அவருக்குச் சுழல்பந்து நன்றாக வந்தது. கடல் எல்லாத் தடவையும் வேனுக்குப் பின்னாலேயே போகவில்லை. ஒரு தடவை குற்றால அருவிக்குக் கீழே நின்று குளித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. ஒரு தடவை கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததாம். எங்கே போனாய் என்று ஜெனோவா கேட்டதில்லை. அவள் மேசை நீலக்குடைக்கு இன்னும் சிலமுறை போயிற்று, பிறகு அவரவர் விருப்பத்துக்குப் பிரிந்தது.

மழை முடிந்து வந்த ஒரு முதல் திங்கட்கிழமை அவள் எங்கும் போகவில்லை. இசக்கியம்மாளும் அவளும் கரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கடல் இல்லாத வெளியையும் அதில் ஓடுகிற ஆட்டக்காரர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசுவதற்கு எதுவும் இல்லை, பேசவேண்டும் என்றும் இல்லை. அப்போது தூசி அடைந்த ஒரு வேன் வந்து கரையில் நின்றது. அதிலிருந்து குளச்சல்காரப் பெண் ஒருத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். உள்ளே இன்னும் பல பெண்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"இஞ்ச ஜெனோவான்னு ஒருத்தி உண்டா?"

நான்தான் என்று ஜெனோவா எழுந்தாள். தாங்கள் வலைக்கம்பெனியில் வேலை பார்ப்பதாகவும், ஒருநாள் எங்காவது போய்ச் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பியதாகவும், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றும் சொல்லிவிட்டு, அந்தப் பெண் கூச்சத்தோடு பின்னால் திரும்பிப் பார்த்தாள். ரோட்டு முக்கில் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், பாதி மறைந்தும் மறையாமலும், குளச்சல் கடல் நின்றிருந்தது. கறுத்த கடல், முரட்டுக் கடல் என்று பேர்பெற்றது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளுக்கு நடுவே வந்ததில் நுரையெல்லாம் செம்மண்ணாகி, கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிற அசலூர் ஆளைப்போல, கூப்பிட்டால் வரலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெனோவா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தாள், சந்திரபோஸ் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டு மேட்டுக்கு வந்தார். இசக்கியம்மாளை அடுப்பு மூட்டச் சொல்லி அனுப்பினாள். வந்த பெண்களிடம் முதலில், சாப்பிட்டியளா என்று கேட்டாள். பிறகு ரோட்டு முக்குவரை நடந்துபோய், அந்தக் கறுத்த தண்ணீரை அண்ணாந்து பார்த்து, கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டினாள்.

"எங்க கடல் சாயங்காலந்தான் வரும்" என்றாள். "அதுவரைக்கும் நல்லா நீட்டிப் படு."